மீசை மாமாவுக்கு வாய் முளைத்தது

வெண்கலத்துக்கு இனிமேல் பாட்டு வராது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் அவரும் அவர் மனைவியும்தான். டாக்டருக்கும் தெரியும். ஆனால் பாட்டு என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷர் அவர், கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

வெண்கலம் என்பது பட்டப்பெயர். நாடக மேடையில் அவர் பாட வாயைத் திறந்தால் மைக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். பால்கனியின் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். வெண்கலக் குரல் என்று யாரோ ஒரு பத்திரிகைக்காரர் எழுதப்போக, பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்துபோனார். வீட்டு வாசல் பெயர்ப்பலகையிலும் அதுதான், பித்தளை எழுத்தில்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தார்கள். சளி இல்லை, தொண்டையில் கட்டி. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லாத கட்டி. காதும் காதும் வைத்த மாதிரி வெளியூர் ஆஸ்பத்திரியில் எடுத்தாயிற்று. பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. அதை வயசுக்கேற்ற கம்பீரம் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. பாட்டு மட்டும் திரும்பவில்லை. கீழே எப்படியோ நொண்டிக்கொண்டு போகும், கொஞ்சம் ஏறினால் இரண்டாகப் பிளக்கும், இன்னும் ஏறினால் வெறும் காற்று. தினமும் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முயன்று பார்ப்பார். உடனே சமையலறையில் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள், தனக்குக் கேட்கவில்லை என்று அவர் நம்பிக்கொள்ளட்டுமே என்று. மிக்ஸியில் அரைபட ஒன்றுமே இருக்காது.

வெளியே கேட்டால் வேறு கதை. "நல்ல கதையா வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்பார் வெண்கலம். வந்த வாய்ப்பையெல்லாம் முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்ப அனுப்ப மவுசு ஏறியது. கண்டதையும் ஒத்துக்கமாட்டாரு, பெரிய கலைஞன்யா என்று பேசிக்கொண்டார்கள். மனுஷர் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார். பாடாத வெண்கலம் யாருக்கு வேண்டும்? ஊர் தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிற நாள் மட்டும் வந்துவிடக் கூடாது, அதைவிடச் சாவதே மேல் என்று நினைத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் நாடகக் குழு டைரக்டரம்மா ஒருத்தர் வீடு தேடி வந்தார். கையில் பழைய செய்தித்தாள்கள் ஒரு கட்டு.

"மீசை மாமாவை மேடை ஏத்தப் போறோம் சார். பாட்டு நாடகமா."

மீசை மாமாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், வானிலை அறிக்கைக்குத் தலைமாட்டில், தினமும் மூன்று கட்டம். உருண்டைத் தலை, புள்ளி வைத்த கண், துடைப்பம் மாதிரி ஒரு மீசை. மீசைக்குக் கீழே வாய் கிடையாது, நேரே தாடைதான். மாமி பேசுவாள், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார், ஆபீஸ் மேனேஜர் கத்துவார், பூனைகூட ஏதாவது சொல்லும். மாமா மட்டும் பேசமாட்டார். மூன்றாவது கட்டத்தில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுப் போய்விடுவார், ஊர் சிரிக்கும். மாமாவுக்கு ஏன் வாய் இல்லை என்று படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். சாமானியனின் மௌனம், அதிகாரத்துக்கு எதிரான மௌனம் என்று என்னென்னவோ சொன்னார்கள். வரைந்தவரைக் கேட்டால் சொல்லியிருப்பார்: ஆரம்பத்தில் பத்திரிகை அச்சடித்த மெஷின் மை கக்குகிற மெஷின். வாய் வரைந்தால் மீசையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். மாமா ஏன் முகம் கழுவுவதில்லை என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்ததும் வாயை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

"உங்க முகமும் உங்க மீசையும் அப்படியே மாமாதான் சார்" என்றார் டைரக்டரம்மா. பிறகு விரலைப் பிசைந்தார். "ஆனா ஒரு சங்கடம். சொல்லவே கூச்சமா இருக்கு. மத்த எல்லாரும் பாடுவாங்க. மாமாவுக்கு மட்டும் பாட்டு கிடையாது. உங்களை மாதிரி ஒருத்தரை வச்சுக்கிட்டு... கோவிச்சுக்காதீங்க."

வெண்கலத்தின் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. எழுந்து ஆடாத குறை. ஆனால் அனுபவப்பட்ட நடிகர் இல்லையா? நெற்றியைச் சுருக்கினார். பெருமூச்சு விட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்று எதிர்வீட்டுத் துணிக்கொடியை வெகுநேரம் பார்த்தார்.

"பாட்டே இல்லாம என்னை நிக்கச் சொல்றீங்க."

"ஆமா சார்."

"என் ரசிகருங்க என்ன சொல்லுவாங்க?"

"தெரியும் சார். அதான் பயந்துக்கிட்டே வந்தேன்."

"சரிம்மா. கதைக்காக ஒத்துக்கிறேன்."

டைரக்டரம்மா கண் கலங்கி அவர் காலைத் தொடப்போய்விட்டார். அந்தம்மா படியிறங்கிப் போனதும், டீ டம்ளரை எடுக்க வந்த மனைவி சொன்னாள்: "கிடைச்சதைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அலட்டாதீங்க."

அலட்டாமல் இருக்க அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாடகத்துக்கு இசை, மனைவியின் சொந்தத் தம்பி. வெண்கலத்தின் மச்சினன். நல்ல பையன்தான், ஆனால் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அது வாய் வழியாக வெளியே வந்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். ஒத்திகை ஆரம்பித்த வாரமே ஹார்மோனியத்தை ஓங்கித் தட்டினான்.

"அத்தானை நடுவுல நிக்க வச்சுக்கிட்டு நாங்க சுத்திச் சுத்திப் பாடினா கேக்கிறவன் செருப்பால அடிப்பான். கடைசியில அத்தானுக்கு ஒரு பாட்டு வேணும். நான் மெட்டே போட்டுட்டேன். கடைசி அடி அப்படியே வானத்துக்குப் போகும்!"

வெண்கலத்துக்கு முதுகில் வேர்த்தது. வேண்டாம்டா மாப்ளே என்று ஒரு வார்த்தையோடு முடித்திருக்கலாம். எழுந்து நின்றார். சால்வையைச் சரிசெய்தார்.

"மாமாவுக்கு வாய் கிடையாது" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "வரைஞ்சவரு வைக்காத வாயை வைக்கிறதுக்கு நான் யாரு? இத்தனை வருஷமா அந்த மனுஷன் காப்பாத்தின மௌனத்தை, ரெண்டு கைதட்டலுக்காக நான் உடைக்கணுமா? என் நாக்கை அறுத்துப் போடுங்க, பாடமாட்டேன்!"

ஒத்திகை மண்டபமே கைதட்டியது. மிருதங்கக்காரர் மூக்கை உறிஞ்சினார். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். வெண்கலத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்லித் தப்பிப்பது ஒரு சுகம் என்றால், பொய் சொல்லிப் புகழ் வாங்குவது அதைவிடப் பெரிய சுகம். அதற்கப்புறம் யார் வந்தாலும் இதையே சொன்னார். தயாரிப்பாளரிடம் சொன்னார், டீ கொண்டுவந்தவரிடம் சொன்னார். பத்திரிகையிலிருந்து பேட்டிக்கு வந்த பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் மெருகேற்றி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பேட்டி அரைப் பக்கத்துக்கு வந்தது. 'பாட மறுத்த பாடகர்' என்று தலைப்பு.

மனைவி படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். "இத்தனை பேச்சு எதுக்கு? யாருக்காவது மனசு உருகித் தொலைக்கப் போகுது" என்றாள்.

மனசு உருகியது கார்ட்டூனிஸ்டுக்கு.

அவர் ஒரு சிடுமூஞ்சி. நாடகத்துக்கு அனுமதி கொடுத்ததோடு சரி, ஒத்திகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மேடைக்காரர்கள் தன் மாமாவைச் சீரழிக்கத்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார். பேட்டியைப் படித்தார். மறுபடி படித்தார். ஊரே போற்றுகிற ஒரு பாடகன், தான் போட்ட கோட்டுக்கு மரியாதை கொடுத்துத் தன் குரலையே அடக்கிக்கொண்டிருக்கிறான்! எத்தனையோ பேர் மாமாவைப் பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் கோட்டை மதித்தவன் இவன் ஒருத்தன்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சிடுமூஞ்சிகளுக்குப் பாசம் வந்தால் தாங்க முடியாது. மனுஷர் மேஜை முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் மற்றப் பக்கங்கள் மாதிரி இல்லை. அதை முன்கூட்டியே அடித்துக் கட்டுக்கட்டாகக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். அச்சுக்குப் போனால் போனதுதான். அதனால் வெண்கலம் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஊர் முழுக்கவும் டீயும் கையுமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் கட்டத்தில் மாமா கண்ணாடி முன்னால் நிற்கிறார். இரண்டாவது கட்டத்தில் மீசையை இரண்டு கையாலும் ஒதுக்குகிறார். மூன்றாவது கட்டத்தில் மீசைக்குக் கீழே வாய். சிவப்பாக, பெரிதாக, நன்றாகத் திறந்த வாய். அதிலிருந்து ஒரு பெரிய பேச்சுக் குமிழி கிளம்பி, உள்ளே இரண்டே வார்த்தை: 'மேடையில் கேளுங்கள்.' அடியில் பொடி எழுத்தில், 'என் மௌனத்தைக் காத்த வெண்கலத்துக்கு, இந்த வாய் என் காணிக்கை.'

வெண்கலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடப்பாவி மனுஷா!" என்று மட்டும் வந்தது, அதுவும் கரகரவென்று.

போன் அடித்தது. மச்சினன். "அத்தான்! பாத்தீங்களா! இப்ப என்ன சொல்லப் போறீங்க? அவரே வாய் வச்சுட்டாரு! என் மெட்டு அப்படியே இருக்கு!" அதற்கப்புறம் போன் கீழே வைக்கப்படவே இல்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று.

"கார்ட்டூனிஸ்டுகிட்டயாவது உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு."

போனார். சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனார். கார்ட்டூனிஸ்ட் கதவைத் திறந்ததும் அவரைக் கட்டிக்கொண்டுவிட்டார். கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத ஆள், மூக்குக்கண்ணாடி இடித்தது. உள்ளே மேஜை முழுக்க வாய். சின்ன வாய், கோணல் வாய், பல் தெரிகிற வாய். சரியான வாய் அமைகிற வரைக்கும் வரைந்து வரைந்து கிழித்துப் போட்டிருக்கிறார்.

"இத்தனை வருஷத்துல மாமாவுக்கு வாய் வரையவே எனக்கு மறந்துபோச்சு சார்" என்றார் கார்ட்டூனிஸ்ட். "உங்க பழைய பாட்டெல்லாம் போட்டுக் கேட்டுக்கிட்டே வரைஞ்சேன். அந்தக் குரல் வர்ற வாய் எப்படி இருக்கும்னு. சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?"

"சும்மாதான்" என்றார் வெண்கலம். "நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தாள். தேன் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒத்திகையில் பாட்டு வரும்போதெல்லாம் வெண்கலம் உதட்டை மட்டும் அசைத்தார். "குரலை அரங்கேற்றத்துக்குன்னு வச்சிருக்கேன்" என்றார். அதற்கும் ஆஹா என்றார்கள். தேன் குடித்தார், வெந்நீர் குடித்தார், ஆவி பிடித்தார், பேசுவதைக்கூட நிறுத்தினார். கால் உடைந்தால் தப்பிக்கலாம் என்று ஒருநாள் மாடிப்படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தார். பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்துவிட்டார்.

அரங்கேற்றம் ஒரு மாலைக் காட்சி, வெயில் தாழ்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. மாமியும் மேனேஜரும் பூனையும் பாடித் தீர்த்தார்கள். வெண்கலம் வாயைத் திறக்காமல் நடந்தார், உட்கார்ந்தார், குடையை விரித்தார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நன்றாகத்தான் செய்தார், சும்மா சொல்லக் கூடாது. பயந்துபோன மனுஷனின் முகம் மாமாவுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. விளக்கு அவர்மேல் மட்டும் விழுந்தது. வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். அவர் மீசையை ஒதுக்கினார்.

'சொல்ல வந்தேன், மறந்துபோச்சு...' என்று ஆரம்பித்தார். முதல் வரி தேய்ந்துபோன கதவுக் கீலைப் போலக் கிரீச்சிட்டது. இரண்டாவது வரியில் குரல் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தார். மச்சினன் திகைத்துப்போய் ஹார்மோனியத்தில் விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வானத்துக்குப் போகிற கடைசி அடி வந்தபோது வெண்கலம் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் கொட்ட, முழு மூச்சையும் இழுத்து விட்டார். வாய் முழுக்கத் திறந்திருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

விளக்கு அணைந்தது. இருட்டில் நின்றுகொண்டு, ஐயோ பாவம் என்ற முதல் குரலுக்காகக் காத்திருந்தார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். சபை மொத்தமும் எழுந்து நின்றது. பால்கனியில் விசில். மேடை ஏறி வந்த டைரக்டரம்மா தேம்பித் தேம்பி அழுதார்.

"எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு? அத்தனை வருஷம் பேசாத மனுஷன் வாயைத் திறந்தா இப்படித்தானே வரும்! எங்க யாருக்குமே தோணலையே! கடைசி சுரத்துல சத்தமே இல்லாம... ஐயோ!"

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கூட்டம் நெரிந்தது. மாலையைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வாயெல்லாம் பல்லாக, இந்த நாடகம் இனி வருஷக்கணக்கில் ஓடும் என்றார். வெண்கலம் பிழைத்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் இத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போயிருப்பார். கார்ட்டூனிஸ்ட் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தங்கக் குரலைக் கெடுத்துக்கிட்டுப் பாட எவ்வளவு பெரிய மனசு வேணும்! உள்ளே வெண்கலத்தை வச்சுக்கிட்டு வெளியே தகரத்தைத் தட்டிக் காட்டினீங்களே சார்!"

ஆளாளுக்கு அந்தக் குரலைப் பற்றியே பேசினார்கள். இவர் எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிற குரல், நாளைக்கே வேண்டுமானால் எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடிய குரல். வெண்கலம் கூட்டத்துக்கு மேலாக மனைவியைத் தேடினார். சுவரோரமாகத் தனியாக நின்று முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அரங்கத்திலேயே இன்றைக்கு அவர் பாடினதைப் பாட்டாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அது நடிப்பு இல்லை" என்றார். "எனக்குக் குரல் போயிடுச்சு."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அறை முழுக்க ஒரே சிரிப்பு.

"சத்தியமாச் சொல்றேன். ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு வருஷமாப் பாட முடியல. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

"அத்தான், மேக்கப்பே கலைச்சாச்சு, இன்னும் மாமாவாவே நிக்கிறீங்களே!" என்றான் மச்சினன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "போதும் விடுங்க. முதல்ல என் மெட்டைக் கொன்னுட்டீங்களேன்னு கோவம்தான் வந்துச்சு. அதுக்கு அபராதமா, இப்ப உங்க சொந்தக் குரல்ல ஒண்ணு பாடுங்க. அந்தப் பழைய பாட்டு!"

"பாடுங்க! பாடுங்க!" என்று கத்தினார்கள்.

வெண்கலம் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஊரே தன்னை முதன்முதலில் தலையில் தூக்கிவைத்து ஆடிய அந்தப் பழைய பாட்டை எடுத்தார். இந்தமுறை ஒன்றையும் மறைக்கவில்லை. நொண்டுகிற இடத்தில் நொண்டினார், பிளக்கிற இடத்தில் பிளந்தது. பாதியில் வெறும் மூச்சாகிப்போனது. அப்படியும் விடாமல் கடைசி வரைக்கும் பாடினார்.

அறை அதிர்ந்தது. சிலருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்படியே மாமாவோட தொண்டை!" என்றார் மிருதங்கக்காரர். "தன் பாட்டையே கேலி பண்ணத் தெரியுதே, அதுக்குத்தான்யா பெரிய மனசு வேணும்" என்றார் கார்ட்டூனிஸ்ட், கண்ணாடியைத் துடைத்தபடி.

வெண்கலம் மனைவியைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்" என்றார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அழுது அழுது அவள் குரலும் கட்டியிருந்தது. "அவர் நடிக்கலைங்க. நிஜமாவே அவருக்குப் பாட்டு போயிடுச்சு" என்றாள்.

"பாத்தீங்களா, அக்காவும் சேர்ந்துக்கிட்டாங்க!" என்று தம்பிக்காரன் தொடையைத் தட்டினான். "டைரக்டரம்மா, தப்புப் பண்ணிட்டோம். மாமி வேஷத்தை அக்காவுக்கே குடுத்திருக்கணும்!"

அதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள்.